ஒளியின் அளவறிதல்

(வீர நிர்வாண நன்னாளையொட்டி விழிதியூரில் கூடிய குடும்ப அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

“வீட்டு விளக்கும் மின் சிக்கனமும்” என்பது எனக்கு அளிக்கப்பட்ட தலைப்பு. தமிழாசிரியருக்கும் மின்விளக்குக்கும் என்ன உறவு என்று சிலர் எண்ணக்கூடும். விளக்கு என்ற சொல்லே எங்களுடையதுதான். ‘விளங்கு’ என்றால் தானே ஒளிர்வது. ‘விளக்கு’ என்றால் பிறிதொன்றை ஒளிரச் செய்வது. பாடத்தை விளக்குகிறோம், பாத்திரத்தையும் விளக்குகிறோம். தெளிவாக்குதல், தூய்மையாக்குதல், ஒளியாக்குதல் ஆகிய மூன்று பொருளையும் ஒரே சொல்லில் வைத்தனர் நம் முன்னோர். இன்று அந்த மூன்று பொருளிலும் விளக்கைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

இது ஒளித் திருநாள். பாவாபுரியில் பகவான் மகாவீரர் வீடுபேறு எய்திய அமாவாசை விடியலை, கி.மு. 527ஆம் ஆண்டுக்குரியதாக மரபு கூறும் அவ்விடியலை, விளக்கேற்றி நினைவுகூர்கிறோம். நம் டெல்டாப் பகுதியிலேயே குடவாசலுக்கு அருகில் தீபங்குடி என்று ஊருக்கே விளக்கின் பெயர் வைத்து, ஆதிநாதரைத் தீபநாயகர் என்று வழிபடுகிறோம். இப்படி விளக்கைப் போற்றும் நமக்கு விளக்கின் அளவையும் அறியும் கடமை உண்டு. நான் இன்று கூற வருவது ஒன்றே. குறைந்த மின்சாரத்தில் நிறைந்த ஒளி தரும் விளக்கு இப்போது எல்லார் கைக்கும் எட்டிவிட்டது. அதனால் கிடைத்த மிச்சம் நிலைப்பதும் கரைவதும் விளக்கின் கையில் இல்லை, நம் பழக்கத்தின் கையில் இருக்கிறது.

முதலில் ஓர் அடிப்படைத் தெளிவு. கடைக்குச் சென்றால் “எத்தனை வாட் விளக்கு?” என்று கேட்கிறோம். வாட் என்பது விளக்கு உண்ணும் மின்சாரத்தின் அளவு. அது தரும் ஒளியின் அளவுக்கு லூமன் என்று பெயர். ஒருவர் எவ்வளவு சோறு உண்டார் என்று கேட்டுவிட்டு, எவ்வளவு வேலை செய்தார் என்று கேளாமல் விடுவது போன்றது நம் வழக்கம். ஒரு மெழுகுவத்தி ஏறத்தாழ 12 லூமன் ஒளி தரும். பழைய 60 வாட் குண்டு விளக்கு 700 லூமன் அளவில் தந்தது. இன்றைய 9 வாட் எல்.இ.டி. விளக்கு 800 லூமனுக்கு மேல் தருகிறது. ஊணில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு. உழைப்பிலோ சற்று மிகுதி.

குண்டு விளக்கு ஏன் அவ்வளவு உண்டது? அதனுள் இருக்கும் டங்ஸ்டன் இழை சூடேறிச் சூடேறி, வெண்மையாகக் கனலும்போதுதான் ஒளி வரும். அது பெறும் மின்சாரத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் வெப்பமாகவே போய்விடும். இன்னும் பின்னோக்கிச் சென்று பாருங்கள். நெய்வேலி போன்ற அனல்மின் நிலையத்தில் எரியும் நிலக்கரியின் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் மின்சாரம் ஆகிறது. வரும் வழியில் கம்பிகளிலும் மின்மாற்றிகளிலும் சிறிது கழிகிறது. ஆக, சுரங்கத்திலிருந்து நூறு பங்கு வெப்பத்தைத் தோண்டி எரித்தால், குண்டு விளக்கின் வழியே நம் புத்தகத்தின் மேல் ஒளியாக விழுவது மூன்று பங்குகூடத் தேறாது. மீதி அனைத்தும் புகையாகவும் வெப்பமாகவும் உலகத்தின் தலையில் இறங்குகிறது.

எல்.இ.டி. விளக்கின் வழி வேறு. அதில் இழை இல்லை, கனல் இல்லை. குறைகடத்தி என்னும் பொருளின் ஊடே மின்சாரம் செல்லும்போது, துகள்கள் ஒரு நிலையிலிருந்து தாழ்ந்த நிலைக்கு இறங்கும். அப்போது வெளியாகும் ஆற்றல் நேரே ஒளியாகிறது. சிவப்பு ஒளி தரும் இவ்வகை விளக்கை 1962இலேயே நிக் ஹொலோனியாக் என்பவர் உருவாக்கிவிட்டார். ஆனால் நீல ஒளி நெடுங்காலம் கைகூடவில்லை. நீலம் இருந்தால்தான் அதன்மேல் மஞ்சள் நிற ஒளிர்பொருளைப் பூசி வெள்ளொளி பெற முடியும். அந்த நீல ஒளியை 1990களில் வசப்படுத்திய அகாசாகி, அமானோ, நாகமுரா ஆகிய மூவருக்கும் 2014ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

அதே 2014ஆம் ஆண்டு நம் புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்துக்கும் இவ்விளக்கின் வரலாற்றில் ஓர் இடம் கிடைத்தது. மத்திய மின்துறை அமைச்சகத்தின் கீழ் இயங்கும் இ.இ.எஸ்.எல். நிறுவனம், வீடுகளுக்கு எல்.இ.டி. விளக்கு வழங்கும் பெருந்திட்டத்தை முதன்முதலில் தொடங்கிய இடங்களில் புதுச்சேரி முன் நின்றது. பழைய 60 வாட் குண்டு விளக்கைக் கொடுத்து, 7 வாட் எல்.இ.டி. விளக்கை 10 ரூபாய்க்குப் பெற்றுக்கொள்ள முடிந்தது. ஒரு வீட்டுக்கு மூன்று என்பது அன்றைய ஏற்பாடு. அப்போது நிறுவனம் ஒரு விளக்கைக் கொள்முதல் செய்த விலை 310 ரூபாய். பின்னர் 2015 ஜனவரி 5 அன்று இத்திட்டம் நாடு முழுமைக்கும் விரிந்து, உஜாலா என்று பெயர் பெற்றது. இலட்சக்கணக்கில், பிறகு கோடிக்கணக்கில், ஒரே இடத்தில் ஏலம் விட்டு வாங்கியதால் கொள்முதல் விலை படிப்படியாக இறங்கி, 2016இல் 38 ரூபாய்க்கு வந்தது. இன்றுவரை 36 கோடிக்கும் மேற்பட்ட விளக்குகள் வழங்கப்பட்டுள்ளன.

இதில் நாம் கருத வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. விலை இறங்கியதற்குப் புதிய கண்டுபிடிப்பு மட்டும் காரணம் அன்று. தனித்தனியே ஒருவர் ஒரு விளக்கு வாங்கினால் விற்பவர் சொல்வதே விலை. எல்லாரும் சேர்ந்து வாங்கினால் விலையையும் தரத்தையும் வாங்குபவரே வகுக்கலாம். கூடி வாங்குதல் என்னும் எளிய அறிவு சாதித்தது அது. நம் சமூகம் சிறியது. ஊர் ஊராகச் சிதறிக் கிடப்பது. அறக்கட்டளைகள் கூடிப் பேசிக் கோயில்களுக்கும் மண்டபங்களுக்கும் வீடுகளுக்கும் மொத்தமாக விளக்கு வாங்கினால், இதே நன்மையைச் சிறிய அளவில் நாமும் பெறலாம்.

மிச்சம் எவ்வளவு என்று ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மூன்று குண்டு விளக்குகள், ஒவ்வொன்றும் 60 வாட், நாளுக்கு ஐந்து மணி நேரம் எரிந்தால் மாதத்துக்கு 27 யூனிட். அவ்விடத்தில் 9 வாட் எல்.இ.டி. மூன்று எரிந்தால் 4 யூனிட். மிச்சம் மாதம் 23 யூனிட். ஆண்டுக்கு 275 யூனிட். நம் நாட்டில் ஒரு யூனிட் மின்சாரம் உண்டாக்க ஏறத்தாழ முக்கால் கிலோ கரியமில வாயு வெளியாகிறது என்று கொண்டால், அந்த மூன்று விளக்குகளை மாற்றிய ஒரு வீடு ஆண்டுக்கு 200 கிலோ அளவுக்கு அதனைத் தவிர்க்கிறது.

இன்னொரு கணக்கு நமக்கு அருகிலேயே இருக்கிறது. திருமலைராயன்பட்டினம் போலகத்தில் இயற்கை எரிவாயுவால் இயங்கும் மின்நிலையம் நீங்கள் அறிந்ததே. அதன் திறன் 32.5 மெகாவாட். அந்நிலையம் முழுத்திறனில் ஓடும்போது 60 வாட் குண்டு விளக்குகள் சுமார் ஐந்தரை இலட்சத்தை எரியவைக்கலாம். அதே மின்சாரத்தில் 9 வாட் விளக்குகள் 36 இலட்சம் எரியும். புதிதாக ஓர் அடுப்பும் மூட்டாமல், புதிதாக ஒரு குழியும் தோண்டாமல் கிடைத்த பெருக்கம் இது.

ஆனால் இங்கேதான் எச்சரிக்கை தேவைப்படுகிறது. 1865ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தில் ஜெவன்ஸ் என்னும் பொருளியல் அறிஞர் ஓர் உண்மையைக் கண்டு எழுதினார். ஜேம்ஸ் வாட்டின் நீராவி எந்திரம் முந்தைய எந்திரங்களைவிடக் குறைந்த நிலக்கரியில் இயங்கியது. அதனால் நாட்டின் நிலக்கரிச் செலவு குறைந்ததா? இல்லை, பன்மடங்கு கூடியது. மலிவானதால் எல்லா இடத்திலும் எந்திரம் வைத்தார்கள். விளக்கிலும் அதுவே நிகழ்கிறது. முன்பு கூடத்தில் ஒரு குழல் விளக்கு இருந்தது. இப்போது பொய்க்கூரை அமைத்து, அதில் பன்னிரண்டு குழிவிளக்குகள், ஓரமெங்கும் ஒளிநாடா, வாயிலில் நான்கு, மதிற்சுவரில் எட்டு என்று பெருகிவிட்டன. “எல்.இ.டி.தானே, என்ன ஆகிவிடப் போகிறது?” என்கிறோம். ஒன்று உண்பது குறைவுதான். இருபதும் ஆளில்லா அறையில் எரிந்தால், குண்டு விளக்கின் காலத்துக்கே திரும்பி விடுகிறோம்.

நம் இல்லறத்தார் விரதங்களுள் ஒன்று அநர்த்த தண்ட விரதம். பயனின்றித் தீங்கு செய்யாமை என்று அதைத் தமிழில் சொல்லலாம். வாழ்வதற்காகத் தவிர்க்க இயலாமல் நேரும் தீங்கு ஒன்று; எவருக்கும் எப்பயனும் இன்றி, கவனக்குறைவால் மட்டும் நேரும் தீங்கு மற்றொன்று. நிலத்தை வீணே அகழ்தல், நீரை வீணே கொட்டுதல், தீயை வீணே மூட்டுதல் ஆகியவற்றை இந்த இரண்டாம் வகையில் சேர்த்தனர் பெரியோர். ஆளில்லாத அறையில் எரியும் விளக்கு என்பது, எங்கோ தொலைவில் நமக்காக வீணே மூட்டப்பட்ட தீ. நெருப்பு நம் கண்ணுக்குப் படவில்லை என்பதால் அது இல்லாமல் போய்விடாது.

கண்ணுக்குப் படும் தீங்கும் ஒன்று உண்டு. ஐப்பசி மழையில் ஈசல்கள் புறப்படுவதையும், வயலில் பயிர் வளரும் காலத்தில் பச்சைத் தத்துப்பூச்சிகள் விளக்கைச் சூழ்வதையும் விழிதியூரில் யாருக்கும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. காலையில் திண்ணையைப் பெருக்கினால் முறம் நிறையச் சிறகுகள். பூச்சி விளக்கின் மேல் காதல் கொண்டு வந்து விழுகிறது என்று புலவர் கற்பனை செய்தனர். உண்மை வேறு. பல பூச்சிகள் பறக்கும்போது ஒளி மிகுந்த பக்கத்தை வானம் என்று கொண்டு, அதற்கு முதுகைக் காட்டித் தம் உடலை நிலைப்படுத்திக் கொள்கின்றன. இரவில் நாம் வைக்கும் விளக்கு அந்தக் கணக்கைக் குலைத்துவிடுகிறது. விளக்கை நோக்கி முதுகைத் திருப்பித் திருப்பி, அதையே சுற்றிச் சுற்றிச் சோர்ந்து வீழ்கின்றன. இரவு உண்ணாமையை நம் முன்னோர் நோன்பாகக் கொண்டதற்கு, விளக்கை நாடி வந்து உணவில் வீழும் இச்சிற்றுயிர்களும் ஒரு காரணம் அல்லவா?

ஆகவே விளக்கின் நிறத்தையும் நாம் கவனிக்க வேண்டும். விளக்கின் உறையில் 2700, 3000, 4000, 6500 என்று ஓர் எண்ணும் கெல்வின் என்ற அலகும் அச்சிடப்பட்டிருக்கும். 2700, 3000 என்பவை அகல்விளக்கை ஒத்த மஞ்சள் கலந்த இளவெம்மை ஒளி. 6500 என்பது நீலம் மிகுந்த வெள்ளொளி. நீலமும் புற ஊதாவும் மிகுந்த ஒளியே பூச்சிகளைப் பெரிதும் ஈர்க்கிறது. ஆகையால் வாயிலிலும் தோட்டத்திலும் மொட்டை மாடியிலும் 3000 கெல்வினுக்கு மேற்படாத விளக்குகளையே பொருத்துங்கள். அவை பூச்சிகளை அறவே ஈர்க்கமாட்டா என்று சொல்லமாட்டேன், குறைவாக ஈர்க்கும். விளக்கின் மேல் தொப்பி போல் ஒரு மூடி அமைத்து, ஒளி தரையை மட்டும் நோக்குமாறு செய்யுங்கள். தேவை முடிந்ததும் அணைத்துவிடுங்கள். ஓர் அணைப்பில் மின்சாரமும் மிஞ்சும், உயிரும் பிழைக்கும்.

நம் ஊரிலிருந்து கிழக்கே சிறிது தொலைவு சென்றால் கடல். இந்தச் சோழமண்டலக் கரையில் தை முதல் பங்குனி வரை ஆலிவ் ரிட்லி ஆமைகள், அதாவது நம்மவர் சொல்லும் பங்குனி ஆமைகள், மணலில் முட்டையிடுகின்றன. குஞ்சுகள் இரவில் வெளிவந்து, வெளிச்சம் மிகுந்த அடிவானத்தை நோக்கி ஊரும். இயற்கையில் அவ்வெளிச்சம் கடலின் மேல் இருக்கும். கரையில் மின்விளக்குகள் பளிச்சிட்டால் அவை கடலை விட்டு ஊருக்குள் திரும்பி, விடிவதற்குள் மாள்கின்றன. கடற்கரையை ஒட்டி வீடோ விடுதியோ வைத்திருக்கும் நம் உறவினர்கள் அம்மாதங்களில் கடலை நோக்கிய விளக்குகளை அணைத்து வைப்பார்களானால், அது செலவில்லாத சீவதயை ஆகும்.

இவ்வளவும் கேட்டபின், வீட்டை இருட்டாக்கி வைப்பதே சிக்கனம் என்று எவரும் கருதிவிடக் கூடாது. அறுபது வயதில் கண்ணின் பாவை சுருங்கி, வில்லையும் மங்கிவிடும். இருபது வயதினர் கண்ணின் உட்புறத்தை அடையும் ஒளியில் மூன்றில் ஒரு பங்குதான் அறுபது வயதினர்க்கு எட்டுகிறது. பேரனுக்குப் போதுமான வெளிச்சம் பாட்டிக்கு இருட்டு. இரவில் குளியலறைக்கு எழுந்து செல்லும் முதியவர் படி தெரியாமல் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டால், எந்த மின்கட்டண மிச்சமும் அதற்கு ஈடாகாது. சிக்கனத்தின் சுமையை முதியோர் தலையில் ஏற்றுவது அறம் ஆகாது.

இங்கே ஒரு வேடிக்கையையும் சொல்ல வேண்டும். நம் வீடுகளில் “ஜீரோ வாட் பல்பு” என்று ஒன்று உண்டு. பெயரை நம்பி அது மின்சாரமே உண்ணாது என்று எண்ணி, இரவெல்லாம் எரியவிட்டோம். உண்மையில் அது 12 முதல் 15 வாட் வரை எடுத்துக்கொண்டது. பழைய மின்மானிகள் அச்சிறு அளவைச் சரிவரக் காட்டாததால் அப்பெயர் நிலைத்தது. இரவு பத்து மணி நேரம் எரிந்தால் மாதத்துக்கு நான்கரை யூனிட் வரை ஆகும். அதற்கு மாற்றாக அரை வாட் எல்.இ.டி. இரவு விளக்கு வந்துவிட்டது. மாதம் முழுதும் எரிந்தாலும் கால் யூனிட் ஆகாது. படுக்கையறையிலிருந்து குளியலறை வரை, தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் அத்தகைய மஞ்சள் விளக்கு இரண்டு மூன்று பொருத்துங்கள். நம் பெற்றோருக்குச் செய்யும் பணிவிடைகளில் இதைவிட மலிவானது வேறில்லை.

மின்விளக்கை ஏற்றுமுன் கதிரவனை நாடுவதும் வேண்டும். நம் பழைய வீடுகளில் முற்றம் இருந்தது. நடுவீட்டுக்கே பகலொளி வந்தது. சுவருக்கு ஆண்டுதோறும் வெள்ளையடித்தோம். வெண்சுவர் தன்மேல் விழும் ஒளியின் பெரும்பங்கைத் திருப்பித் தருகிறது. இன்று முற்றத்தை மூடிவிட்டு, சுவருக்கு அடர்நிறம் பூசி, பட்டப்பகலில் விளக்கேற்றுகிறோம். 2018இல் மத்திய அரசு வெளியிட்ட ‘எக்கோ நிவாஸ் சம்ஹிதா’ என்னும் குடியிருப்புக் கட்டட நெறிமுறை, வெப்பம் புகாமலும் காற்றும் பகலொளியும் புகுமாறும் வீடு அமைய வேண்டும் என்றே கூறுகிறது. நம் கொத்தனார்கள் அதைப் படியாமலே அறிந்திருந்தார்கள். புதுவீடு கட்டும் இளைஞர்கள் முற்றத்துக்கு இடமில்லாவிட்டாலும், படிக்கட்டின் உச்சியிலாவது ஒரு கண்ணாடித் திறப்பு வையுங்கள். படிக்கும் பிள்ளைக்கு அறை முழுதும் ஒளி வெள்ளம் வேண்டியதில்லை. மேசையின் மேல் ஒரு நல்ல விளக்கு போதும்.

அடுத்து, கோயிலும் மண்டபமும். கருவறையில் எரியும் நெய்விளக்கைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. அது நம் நெஞ்சோடு கலந்த ஒளி. வெளிச்சுற்றிலும் மண்டபத்திலும் எரிபவற்றைப் பற்றியே பேசுகிறேன். திருவிழா நாட்களில் கட்டப்படும் 500 வாட் ஆலசன் விளக்கின் வேலையை 100 வாட் எல்.இ.டி. வீச்சு விளக்கு செய்துவிடும். பழைய 40 வாட் குழல் விளக்கு அதன் சோக்கையும் சேர்த்து 50 வாட்டுக்கு மேல் உண்ணும். 20 வாட் எல்.இ.டி. குழல் அவ்விடத்துக்குப் போதும். படிக்கட்டு, கழிப்பறை, பொருளறை ஆகிய இடங்களில் ஆள் நடமாட்டம் அறிந்து தானே எரிந்து தானே அணையும் உணரிகளைப் பொருத்தலாம். ஆண்டுக்கு ஒருமுறையேனும் எல்லா விளக்குகளையும் துடையுங்கள். தூசியும் பூச்சிகளும் படிந்த கூண்டு ஒளியில் கணிசமான பங்கை விழுங்கிவிடும். விளக்கையும் விளக்கினால்தான் விளங்கும்!

வாங்கும்போது மூன்றைப் பாருங்கள். உறையில் இந்தியத் தர நிறுவனத்தின் முத்திரை இருக்கிறதா, ஆற்றல் சிக்கன அமைப்பின் நட்சத்திரங்கள் எத்தனை, வாட்டுக்கு எத்தனை லூமன் என்பவை அம்மூன்று. ஒரு வாட்டுக்கு 100 லூமனுக்குக் குறையாமல் தருவதே இன்று நல்ல விளக்கு. தெருவோரத்தில் முத்திரையின்றி விற்பவை விரைவில் மங்கிப்போகும். விரைவில் குப்பையும் ஆகும். எல்.இ.டி.யின் பகை வெப்பம். காற்றே புகாத மூடிய கூண்டுக்குள் அதை அடைத்தால் ஆயுள் குறையும். பழைய குழல் விளக்கையும் சி.எப்.எல். விளக்கையும் கழற்றியபின் உடைத்துப் போடாதீர்கள்; அவற்றுள் பாதரசம் உண்டு. தனியே சேர்த்து வைத்து மின்கழிவு பெறுவோரிடம் ஒப்படையுங்கள்.

பெருமக்களே! இத்திருநாளில் ஒவ்வொரு குடும்பமும் ஒரு சிறு வேலையை மேற்கொள்ள வேண்டுகிறேன். இன்று மாலை விளக்கேற்றியபின், பிள்ளைகளிடம் ஒரு தாளும் எழுதுகோலும் கொடுத்து, வீட்டிலுள்ள விளக்குகளை எண்ணச் சொல்லுங்கள். எந்த விளக்கு எத்தனை வாட், எத்தனை மணி நேரம் எரிகிறது, அது எரியும்போது அங்கே யார் இருக்கிறார்கள் என்று மூன்று பத்தியாக எழுதட்டும். மூன்றாம் பத்தியில் ‘ஒருவரும் இல்லை’ என்று வரும் இடங்களே நம் அநர்த்த தண்டம். அந்த விளக்குகளை அணைப்பதை நோன்பாகவே கொள்ளலாம். பட்டியலில் குண்டு விளக்கோ ஜீரோ வாட் பல்போ இன்னும் இருந்தால், அவற்றை இந்த ஆண்டுக்குள் மாற்றிவிடுங்கள். தாத்தா பாட்டி நடக்கும் வழியில் விளக்கு இல்லையென்றால், அதை முதலில் பொருத்துங்கள்.

விஞ்ஞானம் தன் பங்கைச் செய்துவிட்டது. கூடி வாங்கியதால் அதன் பயன் நம் கைக்கும் எட்டிவிட்டது. எஞ்சியது நம் விரலுக்கும் சுவரிலுள்ள பொத்தானுக்கும் இடையே உள்ள சிறு தொலைவு. வேண்டிய இடத்தில், வேண்டிய பொழுதில், வேண்டிய அளவில் ஒளி இருக்கட்டும். அதற்கு மேற்பட்ட இரவை விண்மீன்களுக்கும் சிற்றுயிர்களுக்கும் விட்டுவைப்போம்.

 அறம் வளர்க! உயிர்கள் யாவும் இன்புற்று வாழ்க!